பழைய லேத்துக்குப் புது வெளிச்சம்: 24 வோல்ட் எல்இடி விளக்கு பொருத்தும் முழு வழிகாட்டி

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குள் நுழைந்தால் நாற்பது வயதைத் தாண்டிய லேத் (கடைசல் மெஷின்) ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். பி.எஸ்.ஜி., கிர்லோஸ்கர், எச்.எம்.டி. எனப் பெயர்ப்பலகை மாறும். பேரிங், கியர், லீட் ஸ்குரூ எல்லாவற்றையும் காலாகாலத்தில் கவனிக்கும் பட்டறைக்காரர்கள் மெஷின் விளக்கை மட்டும் விட்டுவிடுவார்கள். பல்பு போன ஹோல்டர், தொங்கிப்போன கை, மேலே எங்கோ எரியும் ஒரு ட்யூப் லைட். லேத் ஓட்டும் டர்னர் ஒரு கையில் மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கிராஸ் ஸ்லைடு டயலைப் படிப்பார். கடைய வேண்டிய பொருளை, அதாவது ஜாப்பை, பிடித்துச் சுற்றும் சக்குக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு கையும் தேவை. அதில் ஒன்றை டார்ச் பிடிக்கக் கொடுக்கக் கூடாது.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட ஒரு மூன்று ஃபேஸ் சென்டர் லேத்தை மனதில் வைத்து எழுதியது. மில்லிங், டிரில்லிங் மெஷின்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். விளக்கு மாற்றப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட் போடலாம்?" என்றுதான். ஒரு லேத்துக்கு 15, 20 வாட் எல்இடி தாராளம், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். யோசிக்க வேண்டியவை வேறு இரண்டு: விளக்கு சிமிட்டாமல் எரிகிறதா, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வெட்டும் டூலின் முனையில் விழுகிறது. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் பழைய லேத்தில் வேலை செய்வது எவ்வளவோ லேசாகிவிடும்.

எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம்

ஐரோப்பியத் தரநிலையான இ.என். 12464-1, 0.1 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட டாலரன்ஸில் (அளவில் அனுமதிக்கும் பிழை) நடக்கும் கடைசல் வேலைக்கு 300 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), அதைவிட நுணுக்கமான வேலைக்கு 500 லக்ஸ் என்று வைத்திருக்கிறது. டூல் முனையில் 500 லக்ஸ் என்பது நமக்கும் நல்ல இலக்கு. ஆனால் சுற்றுப்புறம் இருட்டாக இருந்து, டூல் முனை மட்டும் பளீரென்று இருந்தால் கண் களைத்துப்போகும். ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் கண் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வேலை நடக்கும் இடத்தில் 500 என்றால், அதை ஒட்டிய சுற்றுப்புறத்தில் 300 இருக்க வேண்டும் என்று அதே தரநிலை சொல்கிறது. மெஷின் விளக்கு போட்டாயிற்று என்று மேல் விளக்குகளைக் குறைத்துவிடாதீர்கள்.

டர்னருக்கு வயதாகியிருந்தால் இலக்கை 750 லக்ஸுக்கு உயர்த்துங்கள். இருபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் எட்டுகிறது. கைத்திறன் உச்சத்தில் இருக்கும் மனிதர் கண்ணுக்காகத் தடுமாறுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவோ மிகக் குறைவு.

மொபைல் லக்ஸ் ஆப் துல்லியமானது அல்ல. ஆனாலும் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒரே மொபைலில் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

நிறத்தைப் பொறுத்தவரை 4000 முதல் 5000 கெல்வின் வரை எடுங்கள். கடையில் சும்மா கேட்டால் 6500 கெல்வின்தான் கையில் கொடுப்பார்கள். அது நீலம் பாய்ந்த வெள்ளை. ஃபினிஷிங் ஆன ஜாப்பில் பட்டுக் கண்ணைக் குத்தும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்ல சிஆர்ஐ என்று போட்டிருக்கும் எண் 80க்குக் குறையக் கூடாது. எஃகில் கட் எடுக்கும்போது சுருள் வைக்கோல் நிறத்தில் வருகிறதா, நீலம் ஓடுகிறதா என்பதைப் பார்த்துத்தான் டர்னர் வேகத்தையும் ஃபீடையும் கணிக்கிறார். நிறத்தை மழுங்கடிக்கும் விளக்கில் அந்தக் கணிப்பு போய்விடும்.

நிற்பது போலத் தெரியும் சக்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய ட்யூப் லைட் அதில் விநாடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுற்றும் பொருளின் மீது அந்த ஒளி பட்டால் விபரீதமாக ஏதோ தெரியும்.

கணக்கு எளிது. நாலு ஜா (ஜாப்பைக் கவ்வும் தாடை) உள்ள சக் 1500 ஆர்பிஎம்மில் சுற்றினால் விநாடிக்கு 25 சுற்று. ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையில், அதாவது நூறில் ஒரு விநாடியில், சக் சரியாகக் கால் சுற்று சுற்றியிருக்கும். ஒரு ஜா இருந்த இடத்தில் அடுத்த ஜா வந்து நிற்கும். கண்ணுக்குச் சக் அசையாமல் நிற்பது போலத் தெரியும். மூன்று ஜா சக்குக்கு இது 2000 ஆர்பிஎம்மில் நடக்கும். நம்முடைய லேத் அவ்வளவு வேகம் ஓடாது என்று விட்டுவிடவும் முடியாது. மூன்று ஜா சக் 1000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஆறு ஜா மங்கலாக நிற்பது போலத் தெரியும். நாலு ஜா சக் 750இல் ஓடினால் எட்டு ஜா. வேகம் இந்த எண்ணுக்குச் சற்று முன்பின் இருந்தால் சக் மெதுவாக முன்னோக்கியோ பின்னோக்கியோ நகர்வது போல இருக்கும். பக்கத்து மெஷின்களின் சத்தத்தில் நம் மெஷின் சத்தம் அமுங்கிப்போகும் பட்டறையில், நின்றுவிட்டது என்று எண்ணிக் கை நீட்டுவதற்கு ஒரு நொடிக் கவனக்குறைவு போதும்.

பழைய ஃபிலமெண்ட் பல்பில் இந்தத் தொல்லை குறைவு. இழை சூடாகவே இருப்பதால் ஒளி அவ்வளவாக ஏறி இறங்காது. மெஷின்களில் 24 வோல்ட் 60 வாட் குண்டு பல்பு வைத்ததற்குக் குறைந்த வோல்ட்டின் பாதுகாப்போடு இந்த நன்மையும் சேர்ந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு மலிவான எல்இடி பல்பை மாட்டினால், வெளிச்சம் கூடினாலும் பாதுகாப்பு குறைந்துவிடலாம். எல்இடி தன்னுள் பாயும் கரண்ட்டுக்கு ஏற்ப அந்தக் கணமே கூடும், குறையும். உள்ளே கரண்ட்டைச் சீராக்கும் டிரைவர் நன்றாக இல்லாத பல்பு ட்யூப் லைட்டைவிட மோசமாகச் சிமிட்டும். ஆகவே ஒரே விதி: மெஷின் விளக்குக்குச் சீரான டிசி கொடுங்கள். டிம்மர் வேண்டாம். விலை மலிந்த டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. போன தொல்லை அதே வழியாகத் திரும்பி வரும்.

மேலே உள்ள ட்யூப் லைட்டுகளையும் கவனியுங்கள். அடுத்தடுத்த ட்யூப்களை வெவ்வேறு ஃபேஸில் போடுவது பழைய வழக்கம். ஒன்று மங்கும் நேரத்தில் மற்றது பிரகாசமாக இருக்கும். நல்ல முறைதான். எலக்ட்ரானிக் சோக் அல்லது தரமான எல்இடி பேட்டன் போட்டால் இன்னும் நிம்மதி.

மின்சாரம் எங்கிருந்து எடுப்பது

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 415 வோல்ட் பக்கம் கை வைக்கும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பேனலைத் திறந்தால் இரண்டில் ஒன்றைப் பார்ப்பீர்கள். விளக்குக்கென்று 24 வோல்ட் ஏசி தரும் டிரான்ஸ்பார்மர் இருக்கும். அல்லது யாரோ ஒரு ஃபேஸையும் எங்கிருந்தோ இழுத்த நியூட்ரலையும் சேர்த்து 230 வோல்ட் பல்பு மாட்டியிருப்பார்கள். இரண்டாவதைக் கண்டால் முழுவதும் கழற்றிவிடுங்கள். கூலண்ட் தெறிக்கும், சுருள் அறுக்கும், கை அடிக்கடி படும் இடத்தில் 230 வோல்ட் இருக்கக் கூடாது. மெஷின்களின் மின் அமைப்புக்கான ஐ.இ.சி. 60204-1 தரநிலையும் மெஷின் விளக்குக்கு 50 வோல்ட்டுக்கு மேல் போகாமல் இருப்பதையே பரிந்துரைக்கிறது.

24 வோல்ட் ஏசி இருக்கிறதே, 24 வோல்ட் டிசி எல்இடி விளக்கை அப்படியே கொடுத்துவிடலாமா? கூடாது. 24 வோல்ட் ஏசியின் உச்சம் 34 வோல்ட். பாரம் குறைந்த டிரான்ஸ்பார்மரில் அது இன்னும் ஏறும். 60 வாட் பல்புக்காகச் சுற்றிய டிரான்ஸ்பார்மருக்கு 16 வாட் ஒரு பாரமே இல்லை. டிசிக்கென்று செய்த விளக்கு சீக்கிரம் உயிரை விடும்.

நான் பரிந்துரைக்கும் வழி, 24 வோல்ட் டிசி தரும், 35 வாட் அளவிலான எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக மாற்றும் பவர் சப்ளை) ஒன்றைப் பேனலுக்குள் வைப்பது. இரண்டு 8 வாட் விளக்குக்கு அது பாதித் திறனில்தான் ஓடும், சூடாகாது, நெடுநாள் உழைக்கும். பேனலில் காண்டாக்டர்கள் மாட்டும் தகட்டுப் பட்டையிலேயே செருகும் வகையாக வாங்கினால் வேலை சுத்தமாக இருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 230 வோல்ட் வேண்டுமே? பல லேத்துகளுக்கு மூன்று ஃபேஸும் எர்த்தும் மட்டுமே வந்திருக்கும், நியூட்ரல் இருக்காது. எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்தும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். அந்த எர்த் வயர் எங்காவது விட்டுப்போனால் மெஷின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். சரியான வழிகள் இவை: டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து முறையாக ஒரு நியூட்ரல் வயர் இழுக்கலாம். பேனலில் 110 வோல்ட் கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் இருந்து அதில் திறன் மிச்சம் இருந்தால், 85 முதல் 264 வோல்ட் வரை ஏற்கும் எஸ்எம்பிஎஸ் வாங்கி அதிலிருந்து கொடுக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் உள்ளவர் பழைய 24 வோல்ட் ஏசியையே எடுத்து, பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 63 வோல்ட் தாங்கும் 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அதன் பின் வோல்ட்டை 24க்குக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் என்று அமைத்துக்கொள்ளலாம். அந்த கன்வெர்ட்டர் 40 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்க வேண்டும்.

லேத்துக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டியிருக்கிறீர்களா? அதன் அவுட்புட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அங்கே வருவது மோட்டாருக்கு மட்டுமே ஏற்றது, எஸ்எம்பிஎஸ் கருகிவிடும். உள்ளே வரும் சப்ளை பக்கத்திலிருந்து எடுங்கள். விளக்கு வயரை மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் ஓட்டாதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். மெயின் சுவிட்சுக்குப் பிறகு, ஆனால் எமர்ஜென்சி ஸ்டாப் துண்டிக்கும் பகுதிக்கு முன்பாக விளக்கு சப்ளையைப் பிரியுங்கள். ஆபத்தில் சிவப்பு பட்டனை அடிக்கும் அந்த நேரத்தில் வெளிச்சமும் போய்விட்டால் சிக்கிய கையை எப்படி மீட்பது?

வாங்க வேண்டியவை

எஸ்எம்பிஎஸ் போக, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 தரத்திலான 24 வோல்ட் டிசி மெஷின் விளக்குகள் இரண்டு. முன்பக்கம் டஃப்பன்டு கண்ணாடி போட்டதாக எடுங்கள். அக்ரிலிக் முகப்பில் சூடான சுருள் விழுந்தால் ஒட்டிக்கொண்டு தழும்பாகும். வெளிச்சம் பரவலாக விழ, கண்ணாடி பால் நிறமாகவோ சொரசொரப்பாகவோ இருப்பது நல்லது. அலுமினியப் பட்டைக்குள் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டிச் செய்வதை லேத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கூலண்ட் எண்ணெய் உள்ளே இறங்கினால் ஒட்டும் போகும், ஸ்ட்ரிப்பும் போகும்.

0.75 சதுர மி.மீ. காப்பர் ஃப்ளெக்சிபிள் கேபிள், எர்த்துக்கும் சேர்த்து மூன்று கோர். அதைப் போர்த்த, மேலே பிவிசி பூசிய இரும்பு ஃப்ளெக்சிபிள் ஹோஸ், பொருத்தமான கிளாண்டுகள். 24 வோல்ட் பக்கம் 2 ஆம்பியர் ஃபியூஸ், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்னால் அதன் லேபிளில் சொன்ன அளவில் ஒரு ஃபியூஸ் அல்லது எம்சிபி. ரப்பர் தொப்பி போட்ட டாகிள் சுவிட்ச். லக், நட்சத்திர வாஷர். 24 வோல்ட்டில் வோல்டேஜ் குறைந்துவிடுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. மூன்று மீட்டர் தூரத்துக்கு, இரண்டு விளக்கும் சேர்ந்து இழுக்கும் முக்கால் ஆம்பியருக்குள்ளான கரண்ட்டில் இந்த வயரில் குறைவது சுமார் 0.1 வோல்ட். பொருட்படுத்தவே வேண்டாம்.

காந்த பேஸ் வைத்த விளக்கு வேண்டாமா என்று கேட்பார்கள். தற்காலிகமாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். இரும்புத்தூள் எல்லாம் காந்தத்தைச் சுற்றி அப்பிக்கொள்ளும், அதிர்வில் மெல்ல நகரும். நகர்ந்து சக் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

விளக்கு நிற்கும் இடம்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், டிரில்லை அதன் பிறகு எடுத்தால் போதும். மெஷின் நின்றிருக்கட்டும். நீங்கள் வழக்கமாகச் செய்யும் அளவில் ஒரு ஜாப்பைச் சக்கில் பிடித்து, டூலைக் கட் எடுக்கும் நிலையில் வையுங்கள். ஒருவர் கையில் டார்ச்சைப் பிடித்து இடம் மாற்றி மாற்றிக் காட்டட்டும். டர்னர் தன் வழக்கமான இடத்தில் நின்று பார்க்கட்டும்.

டர்னரின் தலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் அவருடைய நிழலே டூலில் விழும். லேத்தின் பின்பக்கத்திலிருந்து தாழ்வாக வந்தால் ஜாப்பின் நிழல் விழும், ஏனென்றால் டூல் வெட்டுவது ஜாப்பின் முன்பக்கத்தில். விட்டம் பெரிதாகப் பெரிதாக இந்த நிழலும் பெரிதாகும். சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் சக்கின் நிழல். இப்படிப் பார்த்துக்கொண்டே போனால், ஒற்றை விளக்கால் எல்லா வேலைக்கும் நிழலில்லாமல் வெளிச்சம் கொடுக்க முடியாது என்பது தெளிவாகிவிடும். அதனால்தான் ஒரு பெரிய விளக்குக்குப் பதில் இரண்டு சிறிய விளக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது ஹெட்ஸ்டாக்கின் மேலிருந்து, இடது உயரத்தில். இது அசையாமல் நிற்கலாம். இரண்டாவது, டூலைத் தாங்கி நகரும் சேடிலின் பின்பக்கத்தில் விளக்குக் கையைப் பொருத்தி, டூலோடு சேர்ந்து நகரும்படி, வலது உயரத்திலிருந்து டூல் முனையைப் பார்த்து. ஒன்றின் நிழலை மற்றது நிரப்பிவிடும். போரிங் செய்யும்போது, அதாவது துளையின் உட்புறத்தைக் கடையும்போது, வலது விளக்கை ஸ்பிண்டில் அச்சுக்கு நெருக்கமாகத் தாழ்த்தி, துளைக்குள் நேராகப் பார்க்க வைத்தால் போரிங் பாரின் முனை வரை தெரியும். பழைய ஒற்றை விளக்கில் இது கனவு. அதே விளக்கை ஜாப்பின் மேல்பரப்பை உரசுவது போலச் சாய்வாக வைத்தால் சாட்டர் (டூல் அதிர்வு) தழும்பும், ஃபீட் கோடுகளும் நிழல் விழுந்து பளிச்சென்று தெரியும். ஃபினிஷ் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை. கை வைத்த விளக்கு வேண்டும் என்பது இதற்காகத்தான்.

தூரத்தை 400 முதல் 600 மி.மீ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், எனவே வாட் கூட்டுவதைவிடக் கிட்டத்தில் வைப்பது லாபம். அதற்காக மிகவும் நெருங்கினால் சுருள் அடிக்கும்.

கண்கூச்சத்துக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. கையளவு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை டூல் முனை இருக்கும் இடத்தில் கிடையாக வையுங்கள். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று அதைப் பாருங்கள். கண்ணாடியில் விளக்கின் முகம் தெரிந்தால் அந்த ஒளி ஃபேசிங் செய்த பரப்பிலும் டயலிலும் பட்டுக் கண்ணுக்கு வரும். விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். உருளையான ஜாப்பில் ஒரு பளபளக்கும் கோடு எங்கு வைத்தாலும் வரும், அதைத் தவிர்க்க முடியாது. பால் நிறக் கண்ணாடி அந்தக் கோட்டை அகலமாக்கி மென்மையாக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, போதிய வெளிச்சத்தோடு நிறுத்தாமல், நேரடிக் கண்கூச்சம், பளபளப்பான பரப்பில் பட்டு வரும் கண்கூச்சம், விபத்துக்கு வழி செய்யும் நிழல் என்று மூன்றையும் தடுக்கச் சொல்லியிருந்தது. எழுதியவர்கள் ஒரு டர்னரின் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்றே தோன்றும்.

கடைசியாக, கையை முழுவதும் நீட்டி எல்லாப் பக்கமும் சுற்றிப் பாருங்கள். விளக்கோ கையோ சக்கையும் அதில் வெளியே நீண்டிருக்கும் ஜாக்களையும் எட்டவே கூடாது. எட்டினால் கையின் மூட்டில் ஒரு ஸ்டாப்பர் வையுங்கள்.

வேலையைத் தொடங்கலாம்

1. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு இடத்தில் வைத்துச் சரிபார்த்து, பிறகு பேனலில் மூன்று ஃபேஸுக்கு இடையிலும், ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் பார்த்து, மீண்டும் முதல் இடத்தில் சரிபாருங்கள். நியான் டெஸ்டரை நம்பி பேனலில் கை வைக்காதீர்கள்.

2. கழற்றும் முன் பேனலை இரண்டு மூன்று கோணத்தில் போட்டோ எடுங்கள். வயர்களுக்கு எண் ஒட்டுங்கள். பழைய விளக்கு வயரின் ரப்பர் உறை கையில் எடுத்தாலே உதிரும். அதை ஒட்டுப்போட்டுத் தொடராமல், டிரான்ஸ்பார்மர் வரை முழுவதும் எடுத்துவிடுங்கள். பயன்படுத்தாத டிரான்ஸ்பார்மர் முனைகளை உறை போட்டு மூடுங்கள்.

3. பழைய விளக்கின் கையைத் தூக்கி எறிய வேண்டாம். அந்தக் காலத்துக் கைகள் உறுதியானவை. மூட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த ஃபைபர் வாஷரையும் ஸ்பிரிங் வாஷரையும் மாற்றினால் வைத்த இடத்தில் நிற்கும். விட்டுவிட்டு வெட்டும் ஜாப்பில் வளையும் கழுத்து விளக்குகள் நடுங்கும். மூட்டு வைத்த கை நடுங்காது. கையின் குழாய் முனைகளில் பிசிறு இருந்தால் அரத்தால் எடுத்து, ரப்பர் புஷ் போட்ட பிறகே வயரை நுழையுங்கள்.

4. பழைய விளக்கின் துளைகள் பொருந்தினால் அவற்றையே பயன்படுத்துங்கள். புதுத் துளை போட வேண்டுமென்றால் லேத்தின் அடித்தளமான பெட்டைத் தொடவே கூடாது. ஹெட்ஸ்டாக்கில் போடுவதானால் அதன் மூடியைக் கழற்றி வெளியே வைத்துப் போடுங்கள். வார்ப்பிரும்புத் தூள் கியரிலும் எண்ணெயிலும் விழுந்தால் பேரிங்குக்குக் கேடு. சேடிலில் போடும் முன் உள்ளே எண்ணெய்ப் பாதை எதுவும் அந்த இடத்தில் ஓடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். எம்8 போல்டுக்கு 6.8 மி.மீ. டிரில், எம்6க்கு 5 மி.மீ. வார்ப்பிரும்பை எண்ணெய் இல்லாமல் உலர்வாகத் துளைக்கலாம். டேப் போடும்போது அதன் பள்ளத்தில் கிரீஸ் தடவினால் தூள் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். பின்னால் நிற்கும் தகட்டுத் தடுப்பில் பொருத்துவதென்றால் தகட்டுக்குப் பின்னால் 5 மி.மீ. ஃபிளாட் வையுங்கள், இல்லையென்றால் தகடு அதிர்ந்து வெளிச்சமும் ஆடும்.

5. எஸ்எம்பிஎஸ்ஸைக் காற்றோட்டம் உள்ளபடி, மேலும் கீழும் இடம் விட்டு நிறுத்துங்கள். பேனல் கதவின் ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். உள்ளே போகும் இரும்புத்தூள் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எமன்.

6. சுவிட்சைப் பேனலிலோ ஹெட்ஸ்டாக் அருகிலோ அசையாத இடத்தில் வையுங்கள். விளக்கின் தலையிலோ தொங்கும் வயரிலோ வேண்டாம், ஐ.இ.சி. 60204-1 அதை நேரடியாகவே தடுக்கிறது. தலையில் சுவிட்ச் இருந்தால் விளக்கை அணைக்க ஒவ்வொரு முறையும் கை சக்கின் மேலாகப் போகும்.

7. சேடிலோடு நகரும் வயருக்கு மிகுந்த கவனம் வேண்டும். சேடிலை இரண்டு கோடிக்கும் தள்ளிப் பார்த்து, இரண்டிலும் இழுபடாத அளவு நீளம் விடுங்கள். வயர் எந்த நிலையிலும் லீட் ஸ்குரூவிலோ ஃபீட் ராடிலோ விழக் கூடாது. விழுந்தால் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். பின்பக்கமாகக் கேபிள் செயினில் ஓட்டுவது சிறந்தது. அது முடியாவிட்டால் மேலே ஒரு கம்பி கட்டி அதில் வளையம் வளையமாகத் தொங்கவிடலாம்.

8. எர்த். விளக்கின் உலோக உடல், கை, எஸ்எம்பிஎஸ், பேனல் கதவு எல்லாவற்றுக்கும் எர்த் வயர் தனித்தனியாகப் பேனலின் எர்த் போல்டுக்கு வர வேண்டும். லக் உட்காரும் இடத்தில் பழைய பெயிண்ட்டைச் சுரண்டி, உலோகம் தெரிந்த பிறகு நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் 24 வோல்ட் மைனஸ் முனையையும் எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். அப்படிச் செய்தால் பிளஸ் வயர் எங்காவது உரசி உடலில் பட்டவுடன் ஃபியூஸ் போகும் அல்லது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொண்டு நின்றுவிடும், விளக்கு அணைந்து பழுது உடனே தெரியும். ஃபியூஸையும் சுவிட்சையும் பிளஸ் பக்கத்தில் வையுங்கள்.

மின்சாரம் கொடுத்த பிறகு

விளக்கை இணைக்காமல் முதலில் மின்சாரம் கொடுத்து, விளக்கு முனையில் 24 வோல்ட் வருகிறதா, பிளஸ் மைனஸ் மாறவில்லையா என்று பாருங்கள். அணைத்து, விளக்கு உடலுக்கும் எர்த் போல்டுக்கும் இடையே தொடர்ச்சி பாருங்கள்; ஓம் அளவு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் மெக்கர் (உயர் வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடுவதானால் எஸ்எம்பிஎஸ்ஸையும் விளக்கையும் கழற்றிய பிறகே போட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் போய்விடும்.

அப்புறம் சிமிட்டல் சோதனை. சக்கின் முகத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மேல் விளக்குகளை அணைத்துவிட்டு, புது விளக்கில் மட்டும் லேத்தை ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள், சற்றுத் தள்ளி நின்று. எல்லா வேகத்திலும் சக் மங்கலான வட்டமாகத்தான் தெரிய வேண்டும். எந்த வேகத்திலாவது ஜாவோ கோடோ தனித்துத் தெரிந்தால் விளக்கு சிமிட்டுகிறது என்று பொருள். பிறகு மேல் விளக்குகளை ஏற்றி அதே சோதனை. இப்போது மட்டும் தெரிந்தால் குற்றவாளி மேலே இருக்கிறது. மொபைலை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கொளி பட்ட ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுத்தாலும் சிமிட்டல் அலையலையாகத் தெரியும்.

கடைசியாக எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துங்கள். மோட்டார் நிற்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் விளக்கு முகப்பைத் துடையுங்கள். கூலண்ட் படலம் வெளிச்சத்தைக் கணிசமாகத் தின்றுவிடும், அது படிப்படியாக நடப்பதால் கண்ணுக்கே தெரியாது. முகப்பு பாலிகார்பனேட் என்றால் தின்னர், பெட்ரோல் படக் கூடாது, விரிசல் விடும். மூட்டு போல்டுகளையும் ஹோஸ் கிளாண்டுகளையும் மெஷின் சர்வீஸின்போது ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

லேத் முடிந்ததும் அடுத்து எந்த மெஷின் என்று கேட்டால், பெடஸ்டல் கிரைண்டர் என்பேன். 2880 ஆர்பிஎம்மில் ஓடும் அந்தக் கல், சிமிட்டும் ட்யூப் லைட்டின் கீழ் மெதுவாகப் பின்னோக்கி நகர்வது போலத் தெரியும் அளவுக்கு, ஒரு சிமிட்டலுக்குச் சரியாக அரைச் சுற்று வரும் 3000த்தை ஒட்டியே இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் நெடுநேரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரே ஒரு 24 வோல்ட் விளக்கு போதும். சுவர்ப் பக்கத்து ஸ்டாண்டில், தீப்பொறி பறக்கும் திசைக்கு எதிர்ப்புறமாக, கல்லுக்கும் ஒர்க் ரெஸ்ட்டுக்கும் இடையிலான இடைவெளி தெரியும்படி வையுங்கள். அந்த இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் அந்த வெளிச்சத்திலேயே அதையும் சரிசெய்துவிடலாம்.